பச்சை விளக்குக்கு முன்

பிப்ரவரி 26, வியாழன்

இந்த டயரி அண்ணன் கடைக்கு ஒரு பம்ப் டீலர் கொடுத்தது. கடை பூட்டி வருஷமாகிறது. டயரி மட்டும் தவறாமல் வந்துவிட்டது. "சும்மா கெடக்குது சுகந்தி, நீயாவது எழுது" என்று அண்ணி என் பையில் போட்டுவிட்டார். யாரிடமும் கத்த முடியாத நாட்களில் கத்துவதற்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

கீழ் வீட்டில் அண்ணன், அண்ணி, தாரணி. மாடியில் நான். அண்ணன் தனபால் சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன். யாராவது மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏனுங்க, நேத்துலருந்து ஒரு மாதிரி சத்தம்..." என்று ஆரம்பித்தால், "பேரிங் போச்சுங்க, வெச்சுட்டுப் போங்க" என்று பதில் வந்துவிடும். கேள்வி முடியும் வரைக்கும் இருந்து பழக்கமே இல்லை அவனுக்கு. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா திட்டிக்கொண்டே இருப்பாள். ஆனால் பிரித்துப் பார்த்தால் பேரிங்தான் போயிருக்கும்.

இப்போது நரம்பு நோய். முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் நாக்கு. மிச்சம் இருப்பது பார்வையும் வலது கை ஆள்காட்டி விரலும். இமை கூட நினைத்தபடி மூடித் திறக்க வராது. புத்தி அப்படியே இருக்கிறது. அதுதான் கொடுமை.

அந்த விரலுக்காக நான் ஒரு பெட்டி செய்தேன். மெத்தென்ற பட்டன், ஒரு பச்சை விளக்கு, யூஎஸ்பி வயரில் லேப்டாப்போடு இணைப்பு. கேள்வி கேட்பவர் கேட்டு முடித்து லேப்டாப் கீபோர்டில் ஒரு சாவியைத் தட்டினால் விளக்கு எரியும். விளக்கு அணைவதற்குள் அண்ணன் அழுத்தினால் திரையில் 'ஆமாம்'. அழுத்தாவிட்டால் 'இல்லை'. ஒரு தடவை அழுத்தினாலே விரல் ஓய்ந்துவிடும், மறுபடி அழுத்தக் கொஞ்ச நேரம் பிடிக்கும். முன்பெல்லாம் விளக்கு கிடையாது. பொங்கலுக்கு அப்புறம்தான் வைத்தேன். எப்போது அழுத்துவது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே. என் பிழைப்பே லேப்டாப்புக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்று பேசுகிற டிரைவர் புரோகிராம் எழுதுவதுதான். இதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூச்சு குறைந்துகொண்டே வருகிறது. சனிக்கிழமை டாக்டர் ரங்கநாயகி வீட்டுக்கு வருகிறார்.

பிப்ரவரி 28, சனி

டாக்டர் கட்டிலில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நல்ல மனுஷி. சுற்றி வளைக்கவில்லை.

"தனபால், நல்லா கேளுங்க. மூச்சு விடறது இனிமே வர வர கஷ்டமாகும். தொண்டையில ஓட்டை போட்டு மெஷினோட இணைச்சா இன்னும் சில வருஷம் இருக்கலாம். ஆனா அப்புறம் மெஷின் இல்லாம இருக்க முடியாது. வேண்டாம்னா, மூச்சு திணறல் தெரியாம இருக்க மருந்து தர்றேன், கடைசி வரைக்கும் நான் பாத்துக்கறேன். வீட்டுலயே இருக்கலாம். ரெண்டுல எதுன்னாலும் உங்க இஷ்டம். மெஷின் வேணுமா?"

நான் சாவியைத் தட்டினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது. 'இல்லை'.

அண்ணி அவன் போர்வையை இழுத்துச் சரி செய்தார். டாக்டர் அவசரப்படவில்லை. கேள்வியைத் திருப்பிக் கேட்டார்: "அப்ப மெஷின் வேண்டாம், வீட்டுலயே இருந்துக்கறேங்கறீங்க. அதுதானே உங்க முடிவு?"

விளக்கு எரிந்தது, அணைந்தது. 'இல்லை'.

வேணுமா என்றால் இல்லை. வேண்டாமா என்றாலும் இல்லை. காப்பி குடித்து அரை மணி கழித்து மறுபடி கேட்டார்கள். அதே கதை.

வாசலில் செருப்பு மாட்டும்போது டாக்டர் சொன்னார்: "அவர் புரிஞ்சுதான் பதில் சொல்றாரான்னு எனக்கு நம்பிக்கையா சொல்ல முடியல. களைப்பா இருக்கலாம். நோய் மூளையையும் தொட்டிருக்கலாம், சில பேருக்கு அப்படி ஆகும். இந்த நிலைமையில குடும்பத்துலதான் முடிவு பண்ணோணும். பதிமூணாம் தேதி வர்றேன். உங்க அண்ணி கையெழுத்து போடற மாதிரி இருக்கும்."

புரியாமலா? இவனுக்கா? வாய்க்கு வந்ததை எல்லாம் மனசுக்குள் திட்டினேன்.

மாடிக்கு வந்ததும் நல்ல பசி. நாலு தோசை சுட்டுத் தின்றேன். ஒரு வாரமாக இப்படிப் பசித்ததில்லை.

மார்ச் 1, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினேன்.

மார்ச் 3, செவ்வாய்

தாரணி மாடிக்கு வந்து என் கட்டிலில் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு படிக்கிறாள். பரீட்சை நேரம். ஒன்பதாவது. கீழே அவள் மேஜை அப்பா அறையில் இருக்கிறது, அங்கே போவதே இல்லை. வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறாள். இன்று எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி, பெத்த அப்பன் படுத்துக் கெடக்கறான். பக்கத்துல போய் உக்காந்தா என்ன, தேஞ்சா போயிருவ?"

"அவருக்கு நான் வேண்டாமாம்."

"யார் சொன்னது?"

"பெட்டிதான். 'இங்க உக்காந்து படிக்கட்டுமாப்பா'ன்னு கேட்டேன். இல்லைன்னுது. மறுநாளும் கேட்டேன். இல்லை. அதுக்கப்புறம் எத்தனை தடவ கேக்கறது அத்தை? எனக்கும் ரோஷம் இருக்குமல்ல?"

அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள வெரலு அசஞ்சுது. நான் பாத்தேன். அம்மாகிட்ட சொன்னா, அது சும்மா நரம்புத் துடிப்பு கண்ணு, அப்பாவுக்கு அப்பிடித்தான் ஆகும்னுட்டாங்க."

"ஆமா, அந்த நோய்ல சதை துடிக்கும்" என்றேன்.

அது உண்மைதான். துடிக்கும். இரவுக்கு அரிசி உப்புமா.

மார்ச் 5, வியாழன்

ஆபீஸில் இன்று நிலோஃபரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பாவம், நல்ல பிள்ளை. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பால் சொசைட்டிக்குப் போகும் எடை மெஷினின் டிரைவர் அவள் எழுதியது. சில சமயம் கேனை வைத்ததே மெஷினுக்குத் தெரிவதில்லை என்று புகார்.

கோளாறு பார்த்த உடனே தெரிந்துவிட்டது. சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. எட்டுக் கட்டம் உள்ள ஒரு வரிசை, ஒவ்வொன்றிலும் சைபரோ ஒன்றோ இருக்கும். ஒரு கட்டம் விளக்குக்கு, ஒன்று சத்தத்துக்கு, இப்படி. ஒன்றை மட்டும் தனியாகத் தொட முடியாது, எழுதினால் எட்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதனால் நான் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஓதும் மந்திரம் ஒன்று உண்டு: முதலில் வாசி, உன் கட்டத்தை மட்டும் மாற்று, மற்றதை இருந்தபடியே திருப்பி வை. அடுத்தவன் கட்டத்தில் கை வைக்காதே.

நிலோஃபர் அதைத்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். ஆனால் சில கட்டங்கள் வேறு சாதி. ஏதாவது நடந்தால் சிப் தானாகவே அதில் ஒன்று போட்டு வைக்கும். அதை அழிக்க வேண்டுமென்றால் சைபர் எழுதக் கூடாது. ஒன்று எழுத வேண்டும். சைபர் எழுதினால் சும்மா விட்டுவிடும்.

அவள் முழித்தாள். "ஆஸ்பத்திரி வார்டுல நர்ஸ் மேஜைகிட்ட ஒரு பலகை பாத்திருப்பியே. எந்தப் படுக்கையில பெல் அடிச்சாலும் அந்த நம்பர் எரியும். நர்ஸ் போய் அதைத் தொட்டா அணையும். இப்ப நீ எரியறதை எல்லாம் எரியற மாதிரியே வெச்சிருக்கறேன்னு ஒவ்வொண்ணா தொட்டுட்டே போனா என்ன ஆகும்?"

"அய்யோ, கூப்பிட்டது எல்லாம் அணைஞ்சு போயிரும்."

"அதேதான் நீ பண்ணியிருக்கற."

தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து, "அக்கா, உங்க அண்ணனுக்குச் செஞ்ச பெட்டியிலயும் இதே சிப்பு தான? அன்னைக்கு ஸ்டோர்ல இருந்து ஒண்ணு எடுத்துட்டுப் போனீங்களே?" என்றாள்.

"அது வேற" என்றேன்.

வரும் வழியில் முருங்கைக்காய் மலிவாகக் கிடைத்தது. நல்ல சதைப்பற்று.

மார்ச் 6, வெள்ளி

நாள் முழுக்க மீட்டிங். லேப்டாப்பைத் தொட நேரமில்லை.

மார்ச் 7, சனி

ஆபீஸ் லீவு. நாள் முழுக்க மெஷினுக்கான ஏற்பாடு. இன்வெர்ட்டர் கடைக்காரனிடம் பேசினேன். கரண்ட் போனாலும் மூச்சு மெஷின் நிற்காதபடி பெரிய பேட்டரி வேண்டும். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பினால் மெஷினுக்கு இடம் வரும். இரவு பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பேப்பரில் படமே வரைந்துவிட்டேன்.

அண்ணி முருங்கைக்காயை நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மரகதம் என்று பெயர் வைத்தார்களே, அப்படித்தான் பச்சை மனசு. பதினெட்டு வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"நீ சொன்னா நான் கையெழுத்து போட்டர்றேன் சுகந்தி. எனக்கு யோசிக்கவே ஆக மாட்டேங்குது."

"போட்டுருங்க அண்ணி. உசுரு இருந்தா போதும்."

அண்ணனை அவர் மாமா என்றுதான் சொல்வார். நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்: "உங்கப்பா ஐசியூல கெடந்தப்ப மாமா வெளிய வந்து ஒண்ணு சொன்னாரல்ல? வாயில கொழாய் வெச்சிருந்ததைப் பாத்துட்டு வந்து. நீ கூட நின்னுட்டிருந்த."

"என்ன சொன்னாருன்னு எனக்கு ஞாபகமில்ல அண்ணி."

"ஞாபகமில்லையா?"

"பால் பொங்குது பாருங்க" என்றேன். பொங்கவில்லை. அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

அண்ணனுக்கு நகம் வெட்டிவிட்டேன். அந்தக் கை காயில் சுற்றிச் சுற்றிக் காய்த்துப் போயிருந்த கை. இப்போது குழந்தைக் கை மாதிரி ஆகிவிட்டது.

காப்பி கொஞ்சம் நாக்கில் வைக்கட்டுமா என்று கேட்டேன். விளக்கு எரிந்தது. பொறுமையாகப் பார்த்து அழுத்தினான். ஆமாம். காற்றாடியைக் குறைக்கட்டுமா? அழுத்தவில்லை. இல்லை. எல்லாம் சரியாகத்தான் வேலை செய்கிறது. இதைப் போய்ப் புரியவில்லை என்றார்களே.

அவன் விரல் கொஞ்ச நேரம் ஓயட்டும் என்று விட்டு, அப்புறம் கேட்டேன்.

"அண்ணா, தாரணிய இங்க வந்து படிக்கச் சொல்லட்..."

விரல் இறங்கியது. பட்டன் அமுங்கியது. துடிப்பு அப்படி இறங்காது. நான் பக்கத்தில் இருந்தேன், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் சாவியைத் தட்டினேன். விளக்கு எரிந்தது. அவன் மறுபடி அழுத்தப் பார்த்தான், விரலில் தெம்பில்லை. விளக்கு அணைந்தது.

'இல்லை'.

அண்ணன் திரையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். கண்ணை எடுக்கவே இல்லை.

நகவெட்டியைக் கழுவித் துடைத்து டப்பாவில் வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு காலையில் அந்த டிரைவரைத் திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. விளக்கை ஏற்றும் இடம். வாசி, விளக்குக் கட்டத்தை மட்டும் மாற்று, மற்றதை இருந்தபடியே திருப்பி வை. அழுத்தம் விழுந்த கட்டமும் அந்த எட்டில் ஒன்று. ஒன்று எழுதினால் அழிகிற சாதி.

அவன் விளக்குக்கு முன்னால் அழுத்தினால் சிப் அதைப் பத்திரமாக ஒன்று என்று போட்டு வைத்திருக்கிறது. நான் விளக்கை ஏற்றுகிறேன் பேர்வழி என்று அதே ஒன்றைத் திருப்பி எழுதி அழித்துவிடுகிறேன். அப்புறம் டிரைவர் போய்ப் பார்த்தால் கட்டம் காலி. பொங்கலிலிருந்து இதுதான் நடந்திருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம்.

யோசித்து யோசித்து அழுத்தினதெல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது. காப்பி, காற்றாடி, தலையணை. யோசிக்கவே வேண்டாத பதில் ஒவ்வொன்றையும் நான் துடைத்திருக்கிறேன். அவனுக்கு மனசுக்குள் எதெல்லாம் உறுதியோ அதெல்லாம் போச்சு. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டாம். மட்டு எனக்குத்தான்.

இதை எழுதாமல் விட்டால் இந்த டயரியைக் கிழித்துப் போட்டுவிடலாம்: எனக்கு இது வியாழக்கிழமையே தெரியும். நிலோஃபர் கேட்ட நொடியில் தெரியும். "அது வேற" என்று சொன்ன வாய்க்கும் தெரியும்.

டாக்டர் கேட்ட இரண்டு கேள்வியில் ஒன்றுக்கு அவன் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறான். எதற்கு என்பதுதான் கேள்வி. ஐசியூ வாசலில் அவன் என்ன சொன்னான் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "எனக்கு இப்பிடி ஒரு நெலம வந்தா இந்தக் கொழாயெல்லாம் வேண்டாம் சுகந்தி. நீதான் பாத்துக்கோணும்." என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

ஆனால் மனுஷன் மாறலாமே. அப்போது தாரணிக்கு ஐந்து வயசு, இப்போது பதினாலு. மகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் போதும் என்று தோன்றியிருக்கலாமே.

இதை இப்படியே விட்டால் வெள்ளிக்கிழமை அண்ணி கையெழுத்துப் போடுவார். மெஷின் வரும். என் அண்ணன் இருப்பான். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. நிலோஃபர் போன் பண்ணினாள்: "அக்கா, பெட்டியைப் பாத்தீங்களா?" பார்க்கிறேன் என்றேன்.

திறந்ததை மூடி வைத்தேன். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. எனக்கு அவன் வேண்டும். அவ்வளவுதான். வேறு என்ன எழுத?

மார்ச் 11, புதன்

தாரணி பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வரைந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டில் இங்கே, மெஷின் இங்கே, பேட்டரி இங்கே.

"அத்தை, இந்த மெஷின் வெச்சா அப்பா பேசுவாரா?"

"பேச மாட்டாரு கண்ணு."

"எந்திரிச்சு உக்காருவாரா?"

"இல்ல."

"அப்ப அப்பவும் இந்தப் பெட்டி மட்டுந்தானா?"

"ஆமா."

படத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "அதுலதான் எங்கிட்ட பேசவே மாட்டேங்கறாரே" என்றாள். அழவில்லை. பஸ் வரவில்லை என்பது போலச் சொன்னாள்.

அவள் இறங்கிப் போனதும் உட்கார்ந்தேன்.

இரண்டே இடம். விளக்கை ஏற்றும்போது, வாசித்து எடுத்த பிரதியில் அழுத்தக் கட்டத்தைச் சைபராக்கிவிட்டு எழுத வேண்டும். சைபர் எழுதினால் சிப் அதைத் தொடாது, விழுந்த அழுத்தம் விழுந்தபடியே இருக்கும். டிரைவர் அதைப் பார்த்து எடுத்துக்கொண்ட பிறகுதான், அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் ஒன்று எழுதி அழிக்க வேண்டும். கூடவே ஒரு பூட்டு: ஒரு வேலை வாசித்து எழுதி முடிக்கும் வரை இன்னொன்று உள்ளே கை விடாமல் வாசலில் நிற்கும். அதுவும் முன்பு இல்லை. வீட்டுப் பெட்டிதானே என்று விட்டிருந்தேன். ஆபீஸில் வேறொருத்தர் இப்படி எழுதியிருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

கூடவே இன்னொன்றும். அவன் அழுத்தினால் இனி டிக் என்று ஒரு சத்தம் வரும், விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும். அவன் சொன்னது வந்து சேர்ந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

கீழே போய்ப் பெட்டியை எடுத்து வந்து, என் விரலால் விளக்குக்கு முன்பே அழுத்தினேன். டிக். அப்புறம் சாவியைத் தட்டினேன். 'ஆமாம்'.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். வாய்விட்டு. கீழே கேட்டிருக்கும்.

மார்ச் 12, வியாழன்

காலையில் அண்ணியிடம் எல்லாம் சொன்னேன். என்னென்ன எப்போது தெரியும் என்பதையும் சேர்த்து. கிழிப்பார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல மாமாகிட்ட சொல்லு போ" என்றார்.

அண்ணன் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணா, நீ வெளக்குக்கு முன்னாடி அழுத்தினதெல்லாம் வந்து சேரவே இல்ல. நான்தான் தொடச்சுப்போட்டேன். தெரியாம பண்ணினது. ஆனா தெரிஞ்சதுக்கப்புறமும் அஞ்சாறு நாள் சும்மா இருந்துட்டேன். அது தெரிஞ்சே பண்ணினது. இப்ப சரி பண்ணியாச்சு. எம்மேல கோவமா இருக்கி..."

டிக்.

சிரித்துவிட்டேன். மூக்கும் கண்ணும் ஒழுகச் சிரித்தேன். அவன் கண்ணிலும் அந்தப் பழைய கடைக்காரனின் கேலி. அண்ணி தலையில் அடித்துக்கொண்டு, "இத்தனை நாளைக்கப்புறம் மொத வார்த்தை திட்டுத்தானா மாமா?" என்றார்.

சாயங்காலம் தாரணியை இழுத்து வந்தேன். கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கேட்க மாட்டேன் என்றாள். அவளே கேட்கட்டும் என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"அப்பா, நான் இங்..."

டிக்.

அவ்வளவுதான். ஓடிப் போய் அந்த மெலிந்த மாரில் முகத்தை வைத்துக்கொண்டாள். "மூச்சு முட்டும் கண்ணு, மெதுவா, மெதுவா" என்றார் அண்ணி. ஆனால் விலக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

டாக்டர் ரங்கநாயகியிடம் பெட்டியின் கோளாற்றைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "நல்லவேளை. இன்னைக்கு மறுபடி முதல்ல இருந்து கேப்போம்" என்றார். யார் கேட்பது என்று பார்த்தார். நான் கேட்கிறேன் என்றேன். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் வேறு யாரும் நிற்கக் கூடாது என்று தோன்றியது.

டாக்டர் சொன்னதை எல்லாம் நானே திரும்பச் சொன்னேன். மெஷின் என்றால் என்ன, வேண்டாம் என்றால் என்ன. அப்புறம் கேட்டேன்.

"அண்ணா, மெஷின் வெச்சுக்கறியா?"

சத்தமில்லை. சாவியைத் தட்டினேன். விளக்கு எரிந்தது. அழுத்து, அழுத்து என்று மனசுக்குள் கெஞ்சினேன். பாழாய்ப் போகிறவனே, அழுத்தேன் என்று. விளக்கு அணைந்தது. என் பேராசைக்கு இன்னொரு தடவை ஏற்றினேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டி சரியாக இருக்கிறது. நானே செய்தது.

'இல்லை'.

இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. அதையும் நான்தான் கேட்க வேண்டும்.

"அப்ப கொழாயி, மெஷினு ஒண்ணும் வேண்டாம். வீட்டுலயே எங்களோட இருந்துக்கறி..."

டிக்.

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அண்ணனின் நெற்றியில் கை வைத்து, "கேட்டுது தனபால். நல்லா கேட்டுது" என்றார்.

வெளியே வந்து இன்வெர்ட்டர் கடைக்காரனுக்குப் போன் பண்ணி, பெரிய பேட்டரி வேண்டாம் என்றேன். ஏனுங்க மேடம், விலை ஒத்து வரலைங்களா என்றான். இல்லைங்க, தேவைப்படவில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. இப்போது எழுதும்போதும் எனக்குச் சம்மதமில்லை. அண்ணனுக்குச் சம்மதம். நான் தோற்றேன்.

மார்ச் 20, வெள்ளி

மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். திணறல் குறைந்து நன்றாகத் தூங்குகிறான். நிலோஃபர் வந்திருந்தாள், பிரியாணி கொண்டு வந்தாள். என் திருத்தத்தை அவளிடம் காட்டி, ஒருத்தர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்றேன். "இந்த வரி எதுக்குன்னு மேல ஒரு குறிப்பு எழுதி வைங்க அக்கா, பின்னாடி யாராவது வேண்டாம்னு எடுத்துருவாங்க" என்றாள். எழுதி வைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

தாரணியின் மேஜை பழையபடி அப்பா அறையில். சத்தமாகப் படிக்கிறாள். வரலாற்றில் தேதி தப்பாகச் சொன்னால் டிக் என்கிறான். பெட்டியை இதற்கா செய்தேன்?

ஏப்ரல் 4, சனி

காலையிலிருந்து மூச்சு மேலோட்டமாக இருக்கிறது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி நாட்கள்தான் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார். அவனிடமும் சொன்னார். அவன் பார்வை தாரணியின் மேஜைக்குப் போனது.

மத்தியானம் தாரணிக்கு இந்தி வகுப்பு. அவளுக்கு டாக்டர் சொன்னது தெரியாது. பையை மாட்டிக்கொண்டு அப்பா பக்கம் போனாள்.

"போயிட்டு வரட்டுமாப்பா?"

எப்போதும் கேள்வி முடிவதற்குள் டிக் என்று வந்துவிடும். இன்று வரவில்லை. அவளே சாவியைத் தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் பட்டன் மேல்தான் இருந்தது. விளக்கு அணைந்தது.

'இல்லை'.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, பெட்டி சரியாத்தான இருக்குது?"

"சரியாத்தான் இருக்குது கண்ணு."

தாரணி பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.